சாடைக்கு ஒரு கிளி

அந்தக் கட்டப்பையைக் கொஞ்சம் நகத்திக்கிட்டீங்கன்னா இந்தக் கூட்டை மடியில வெச்சுக்குவனுங்க அம்மிணி. ஆமாங்க, கிளிதானுங்க. துண்டைப் போட்டு மூடியிருக்கறது வெயிலுக்கு, ஒளிச்சுக் கொண்டுபோகலை. பச்சைக்கிளி வளத்துனா ஃபாரஸ்ட்டுக்காரங்க வந்துருவாங்க. இது சாம்பக்கிளி, ஆப்பிரிக்காவுல இருக்கற சாதியாம். என்ற பையன் வாங்கிக் குடுத்தான். வாலு மட்டும் செவப்பு, பாருங்க. பேரு ராசா. பேசுமான்னு கேக்கறீங்க. அதைத்தானுங்க சொல்ல வர்றேன். இது பேசுன பேச்சுக்கு எங்க வீதியே வந்து நின்னு கேட்டுச்சு. இப்ப வாயைத் தொறக்க மாட்டீங்குது. அதுக்குத்தான் இந்தப் பயணம். இல்லாட்டி இந்த வெயில்ல கோபியில இருந்து காங்கேயம் ரோட்டுக்கு எனக்கென்ன வேலை.

காங்கேயம் வரைக்கும் போகலீங்க. அதுக்கு முன்னால நால்ரோட்டுல எறங்கோணும். அங்கதான் இருக்கறா என்ற ஓரகத்தி, மக வீட்டுல. அவளைப் பாக்கறதுக்குன்னு நெனச்சுப்போடாதீங்க. அவ மூஞ்சியில முழிக்கறதே இல்லைன்னு ஆறு வருசமாச்சு. அவகிட்டயும் ஒரு கிளி இருக்குது. இந்தக் கிளி அந்தக் கிளியைப் பாக்கோணும், அவ்வளவுதான். பேரைச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். பூவாத்தா. சரி, சொல்லிப்போட்டேன்.

ஒரே ஊடுங்க. எங்க மாமனார் கட்டுனது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல சுவரு வெச்சுப் பிரிச்சுட்டாங்க. அக்கட்டால அவ, இக்கட்டால நானு. பொடக்காளியில, அதாங்க பின்னால தொட்டியும் தொவைக்கற கல்லும் இருக்கற எடம், அங்க சுவரு என்ற தோள் ஒசரந்தான். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தா அந்தப் பக்கம் கேக்கும். முன்ன எல்லாம் ஒரு பக்கம் ஆட்டுன மாவு ரெண்டு பக்கமும் போகும். கெடக்குது அந்தக் கதை.

எதுக்குச் சண்டைன்னு கேக்கறீங்க. நாயம் நீங்களே சொல்லுங்க. என்ற மக சுகந்திக்கு ஏழாம் மாசம் கட்டுச்சோறு, அதாங்க வளைகாப்பு, செஞ்சோம். மண்டபம் எடுத்து, ஒரம்பரை சனம் எல்லாம் வந்திருக்குது. வளையல் போட்டு உடறதுக்குக் கட்டுக்கழுத்தியா, தாலியோட இருக்கறவங்களாப் பாத்து அஞ்சு பேரைக் கூப்புட்டேன். அதுக்கு முந்துன வருசந்தான் எங்க மூத்தாரு, அதாங்க இவ ஊட்டுக்காரரு, தவறிப் போயிருந்தாரு. அதனால இவளைக் கூப்புடலை. நான் வெச்ச முறையா அது? ஊருல இருக்கற முறைதானுங்க. ஆனா பந்தியில மொத எலை அவளுக்குத்தான் போட்டேன். நானே கையால போட்டேன். போயி பாயசம் எடுத்துக்கிட்டு வந்து பாக்கறேன், எலை கெடக்குது, ஆளைக் காணோம். கை நனைக்காமப் போயிட்டா. அத்தனை ஒரம்பரை மத்தியில எனக்கு எப்புடி இருந்திருக்கும்? அதை ஆராச்சும் நெனச்சுப் பாத்தாங்களா?

அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. பேச்சு நின்னுச்சுன்னா நேராப் பேசறதுதான் நின்னுச்சு. சாடை பேசறது நிக்குமுங்களா. மனசுல இருக்கறதை எங்கயாவது கொட்டோணுமில்ல. மொதல்ல வாசக் கூட்டற சீமாத்தைப் பாத்துப் பேசுனேன். "ஏ சீமாறு, உனக்கிருக்கற புத்தி சில பேருக்கு இருக்குதா"ன்னு. சீமாத்துகிட்ட எத்தனை நேரம் பேச முடியும். பொறவு கோழிகிட்டப் பேசுனேன், அது பாதிப் பேச்சுல சந்துக்குள்ள ஓடிரும். எங்க ஊட்டுக்காரரை வெச்சுப் பேசிப் பாத்தேன். அவரு கோழியைக் காட்டியும் வேகமா எந்திரிச்சுப் போயிருவாரு. சாடை பேசறதுன்னா எதுக்கால ஒண்ணு அசையாம உக்காந்து கேக்கோணுங்க. அந்த நேரத்துலதான் என்ற பையன் இதைக் கொண்டாந்து, "அம்மா, உனக்குப் பேச்சுத் தொணைக்கு"ன்னு குடுத்தான். சாமியே குடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. கூட்டைக் கொண்டுபோயிச் சுவத்தோரமா மாட்டிட்டேன்.

ஆனா பாருங்க, ஒண்ணை மட்டும் நான் ரோசனை பண்ணலை. சீமாறு திருப்பிப் பேசாது, கோழி திருப்பிப் பேசாது. இது கிளி.

இது மொதல்ல படிச்ச பேச்சு என்ன தெரியுமுங்களா. அம்மான்னா, மாமான்னா? "சில பேருக்கெல்லாம்." அவ்வளவுதான். அதுக்கு மேல வராது. "சில பேருக்கெல்லாம்…" அப்புடின்னு ஒரு இழு இழுத்து நிறுத்திப்போட்டு, தலையைச் சாச்சு வந்தவங்களை ஒரு பார்வை பாக்கும். எங்க சம்பந்தி ஒரு நாளு வந்திருந்தாரு. நல்ல மனுசன். ரெண்டாவது வடையைக் கையில எடுத்தாரு பாருங்க, "சில பேருக்கெல்லாம்…"ங்குது. அவரு வடையைத் தட்டத்துலயே வெச்சுட்டு, "நேரமாச்சுங்க, பஸ்ஸுக்குப் போகோணும்"னு எந்திரிச்சுட்டாரு. பஸ்ஸு எங்கிருந்து வரும், அவரு காருல வந்தவரு.

நான் கிளி வாங்குன மறுமாசம் அக்கட்டால ஒரு கூடு தொங்குதுங்க. நான் மிக்சி வாங்குனா அவ மிக்சி வாங்குவா, நான் கொசுவலை அடிச்சா அவ கொசுவலை அடிப்பா. அதே சாம்பக்கிளி, அதே செவப்பு வாலு. பேரு என்ன வெச்சாங்கறீங்க? நான் ராசான்னு வெச்சா அவ மந்திரின்னு வெக்கோணுமா இல்லையா. மகாராசான்னு வெச்சா. அதுக்கு மேல என்னத்தை வெக்கறது நானு.

பொறவு நடந்ததை என்ன சொல்ல. காலையில பல்லு வெளக்கிட்டு நான் ஒண்ணைச் சொல்லுவேன் ராசாகிட்ட. அவ ஒண்ணைச் சொல்லுவா மகாராசாகிட்ட. ரெண்டும் படிச்சுக்கிச்சுங்க. படிச்சதுன்னா சொந்த ஊட்டுப் பேச்சை மட்டுமா படிச்சுது. என்ற ராசா அவ பேசறதையும் படிச்சுக்கிச்சு, அவ குரல்லயே. நான் இங்க ஒண்ணைச் சொல்லி வாயை மூடலை, எங்க ஊட்டுக்குள்ள இருந்தே அவ குரல்ல பதில் வருது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சு. என்ற கடலையைத் தின்னுட்டு, என்ற கொய்யாவைத் தின்னுட்டு, அவ கட்சி. அக்கட்டால மகாராசா என்ற குரல்ல அவளைத் திட்டிட்டிருக்குது. கடைசியில எங்களுக்கு வேலையே இல்லாமப் போச்சுங்க. நான் தொவைச்சுட்டிருப்பேன், அவ கீரை ஆஞ்சுட்டிருப்பா, சண்டை பாட்டுக்கு நடக்கும். நான் ஒரு வாரம் பழனிக்குப் போயிட்டு வந்தப்ப எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு, "நீ ஊருல இல்லைங்கறதே தெரியலை தெய்வானை, ஒரு நாளும் சண்டை நிக்கலை."

மகாராசா என்ற குக்கரு விசிலைக் கத்துக்கிச்சு பாருங்க, அதுதான் அநியாயம். நான் பருப்பைப் போட்டுட்டுத் துணி காயப்போடப் போவேன். மூணு விசிலு கேக்கும். வந்து அடுப்பை நிறுத்துவேன். தொறந்தா பருப்பு கல்லு மாதிரி கெடக்கும். எத்தனை நாளு அந்தப் பருப்பை எங்க ஊட்டுக்காரருக்குப் போட்டேன், அவரும் பேசாமத் தின்னாரு. அவ சொல்லிக் குடுத்துத்தான் செஞ்சுதுன்னு இப்பவும் சொல்லுவேன். ஆனா ராசாவும் லேசுப்பட்டதில்லீங்க. அவ போனு அடிக்கற மாதிரியே அடிக்கும். அவ முட்டி வலியோட பொடக்காளியில இருந்து ஓடுவா, போனை எடுப்பா, ஒண்ணும் இருக்காது. நான் சிரிக்கலை. ஒருக்கா சிரிச்சேன்.

அவ சாடையில இருக்கற வெசத்தை நீங்க கேட்டிருக்கோணும். ஒரு நாளு மத்தியானம், "ஏ மகாராசா, மேகாட்டுப் பக்கம் மழை கருக்கட்டுது, சில பேரு மொட்டை மாடியில வடகத்தைக் காயப்போட்டுட்டுக் குறட்டை உட்டுத் தூங்கறாங்க"ங்கறா. நான் எந்திரிச்சு ஓடி வடகத்தை அள்ளிக் கீழ கொண்டாந்து வெக்கறேன், மழை பிடிச்சுக்கிச்சு. இருந்தாலும் குறட்டைன்னு சொல்லலாமா. இன்னொரு நாளு, "சில பேருக்குச் சக்கரை ஏறிக் கெடக்குது, கோயில்ல குடுத்தாங்கன்னு லட்டை முழுசா முழுங்கறாங்க, கண்ணு போனா ஆரு பாக்கறது"ன்னு. நான் லட்டுத் தின்னதை எட்டிப் பாத்திருக்கறா பாருங்க. பாதியை வெச்சுட்டேன், ரோசத்துல.

போன மார்கழியில எனக்குக் காச்சலு. எந்திரிக்க முடியாமக் கெடக்கறேன். "ஏ மகாராசா, சில வீட்டு ஆம்பளைங்களுக்குக் கண்ணும் இல்லை, ரசம் வெக்கக் கையும் இல்லை"ன்னு அக்கட்டால இருந்து வருது. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாத்தா சுவத்து மேல ஒரு தூக்குப்போசி இருக்குது. சூடா ரசம். நான் ஆரு வெச்சதுன்னு கேக்கலை. கேட்டா பேசுன மாதிரி ஆயிருமில்ல. குடிச்சேன். மொளகு கூட. தெம்பு வந்ததும் ராசாகிட்டச் சொல்லிப்போட்டேன், "சில பேருக்கு மொளகைக் கண்டா கை நிக்காது"ன்னு. போசியைக் கழுவிச் சுவத்து மேல வெச்சேன். உள்ள ரெண்டு முருங்கக்கா போட்டு வெச்சேன். வெத்துப் போசியாக் குடுக்கக் கூடாதுல்ல, அது முறைக்குங்க, பாசத்துக்கில்லை.

அப்புடி நடந்துட்டிருந்துச்சு. திடீருன்னு பாத்தா அவளுக்கு முட்டி ரொம்ப முடியாமப் போயி, மக வந்து, "இங்க தனியா இருக்க வேண்டாம், நால்ரோட்டுக்கு வந்துரு"ன்னு கூப்புட்டா. எனக்கு எப்புடித் தெரியும்ங்கறீங்க? சொன்னா. முந்தின நாள் சாயங்காலம் சுவத்தோரம் நின்னு, "மகாராசா, நாளைக்கு நாம போறோமடா. சில பேருக்கு இனி நிம்மதி"ன்னு சொன்னா. சொல்லிப்போட்டு உள்ள போகலை. அங்கயே நிக்கறா. நான் இக்கட்டால கீழ உக்காந்திருக்கறேன், எனக்கு அவ கால் தெரியுது, சுவத்துல ஒரு ஓட்டை இருக்குது. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா. "ராசா, போறவங்க கதவைச் சாத்திட்டுப் போகட்டும், நாயி வந்துரும்"னு சொன்னேன். நாயி வருமுங்க அம்மிணி, நெசமாவே வரும். அதுக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. பொறவு அந்தக் காலு போயிருச்சு.

மறுநாள் கார் வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நல்லதாப் போச்சுன்னு இருந்தேன். ராசாதான். காலையில எந்திரிச்சு, "சில பேருக்கெல்லாம்…"னு ஆரம்பிக்கும். நிறுத்தும். அக்கட்டால இருந்து ஒண்ணும் வராது. தலையைச் சாச்சுக் கேக்கும். மறுக்கா சொல்லும். அவ போனை அடிச்சுப் பாக்கும். மகாராசாவாட்டம் குக்கர் விசிலு அடிச்சுப் பாக்கும். ஒண்ணும் வராது. ஒரு வாரம் இப்புடிக் கத்திட்டு அப்பறம் நிறுத்திருச்சுங்க. கடலை வெச்சா முகத்தைத் திருப்பிக்குது. நெஞ்சுல இருக்கற எறகை அதே புடுங்கிப் போடுது. இங்க பாருங்க, துண்டை லேசாத் தூக்கிக் காட்டறேன். தோலு தெரியுது பாருங்க.

ஈரோட்டுல பறவைக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்கறாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். சின்னப் பொண்ணு. புடிச்சுப் பாத்துட்டு, "கூட இருந்த யாராச்சும் பிரிஞ்சு போயிட்டாங்களா"ன்னு கேக்குது. "கூடவெல்லாம் இல்லீங்க, எதிராளிதான் அவ கிளியோட ஊரை உட்டுப் போயிருக்கறா"ன்னேன். "அந்தக் கிளிகிட்ட இதைக் கொண்டுபோயிக் காட்டுங்க, இப்புடியே சாப்புடாம இருந்தா தாங்காது"ன்னுட்டுது. சரின்னு எந்திரிச்சா, "உக்காருங்கம்மா, நீங்க ஒழுங்காச் சாப்புடறீங்களா, ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு இருக்குதே"ங்குது. கிளியைப் பாக்கச் சொன்னா என்னை எதுக்குப் பாக்கறது. இந்தக் காலத்துப் படிப்பு அப்புடி.

எங்க ஊட்டுக்காரரு, "ஒரு போன் போட்டு அண்ணிகிட்டப் பேசு"ன்னாரு. எப்புடிங்க போன்ல பேசறது. போன்னா நேராப் பேசோணுமில்ல. அதுல சாடை பேச வழியில்லை. சரி, நம்மாள முடிஞ்சதைப் பாப்போம்னு நான் ஒரு காரியம் செஞ்சேன். ஆருகிட்டயும் சொல்லலை, நீங்க எங்கயோ எறங்கிப் போறவங்கன்னு சொல்றேன். அவ பக்கத்துச் சாவியை அவ மக எங்க ஊட்டுலதான் குடுத்துட்டுப் போயிருக்குது. பொழுது உச்சிக்கு வந்த நேரத்துல அவ பொடக்காளிக்குப் போயி, சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, அவ குரல்ல என்னையத் திட்டுனேன். கிளிக்கு என்ன தெரியப் போகுது, அவதான்னு நெனச்சுக்கட்டும்னு. அவ குரலு எனக்கு நல்லா வருமுங்க, ஆறு வருசம் கேட்டிருக்கறேனில்ல. "ஏ மகாராசா, சில பேருக்குக் குறட்டையும் கொழுப்பும்தான் மிச்சம்"னு ஆரம்பிச்சேன். இக்கட்டால ராசா கூட்டுல அசையற சத்தம் கேட்டுச்சு. எனக்கு உற்சாகம் வந்துருச்சு. அவ வழக்கமாச் சொல்றது எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். பருப்பு, வடகம், லட்டு. பொறவு அவ அடிக்கடி சொல்ற ஒண்ணு வந்துச்சு. "பெத்தவ மஞ்சக்காமாலையில கெடந்தப்ப அந்தப் புள்ளை ஆரு இடுப்புல வளந்துச்சு மகாராசா. பத்து மாசம் என்ற இடுப்புல கெடந்த புள்ளை கைக்கு, ஒரு வளையல் போட எனக்கு…"

அதுக்கு மேல வரலீங்க. அந்தப் பக்கம் பெருக்காமக் கெடக்குது, ஒரே தூசி. எனக்குத் தூசி ஆகாது. ராசாவும் கொஞ்ச நேரம் கேட்டுப்போட்டுப் பேசாம இருந்துக்கிச்சு. நான் ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். காலு மரத்துப் போச்சு, அதனால.

அப்பறந்தான் முடிவு பண்ணுனேன், கொண்டுபோயிக் காட்டிர வேண்டியதுதான். ஒரு உசுரு பாருங்க. நம்ம வீம்புக்கு ஒரு வாயில்லாச் சீவன், வாயிருந்த சீவன், சாகக் கூடாதுல்ல.

அந்தப் பையா? அது மாத்துச் சேலைங்க. ரெண்டு, மூணு சேலை. கிளி பழகறதுக்கு நாலு நாளு ஆகுமாட்ட இருக்குதில்ல. எண்ணெய்ச் சீசா, முட்டிக்குத் தேய்க்கற எண்ணெய். கிளிக்கு முட்டி ஏதுன்னு சிரிக்கறீங்க. சிரிங்க. முறுக்கும் இருக்குது, பல்லுக்குப் பதமா நெய்யூத்திப் பிசைஞ்சது. கிளி திங்காதுங்க. ஒரு வீட்டுக்குப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதுல்ல.

நான் போட்டு வெச்சிருக்கற திட்டம் இதுதான். உள்ள போவேன். அவளைப் பாக்க மாட்டேன். ராசா கூட்டை மகாராசா கூட்டுக்குப் பக்கத்துல வெப்பேன். அவ என்ன கேட்டாலும் ராசாகிட்டத்தான் பதில் சொல்லுவேன். "ராசா, நாம இவங்களைப் பாக்க வரலை, டாக்டரம்மா சொல்லித்தான் வந்தோம்"னு. நல்லா இருக்குதுங்களா? கொஞ்சம் கடுசா இருக்குதுங்களா? "சில பேரு எளைச்சுப் போயிருக்கறாங்க"ன்னு வேணும்னா சேத்துக்கலாம்.

நால்ரோடு வந்துருச்சாட்டத் தெரியுது. ஏனுங்க, அந்த வேப்பமரத்தடியில நிக்கறது ஆருங்க. கொஞ்சம் எட்டிப் பாருங்க அம்மிணி, எனக்குக் கண்ணாடி பையில இருக்குது. வெள்ளைச் சேலை, கையில குச்சி. குச்சி வந்துருச்சா அவளுக்கு. எங்க ஊட்டுக்காரரு போன் பண்ணியிருப்பாரு, வாய் நிக்காத மனுசன். இந்த வெயில்ல வந்து நிக்கறா பாருங்க, செருப்புகூட இல்லாம. முட்டி என்னத்துக்கு ஆகும். புத்தி இருக்குதா இவளுக்கு. ஏனுங்க டிரைவரண்ணா, நிறுத்துங்க, எறங்கோணும். கொஞ்சம் வழி உடுங்க, பையைக் குடுங்க, உடுங்க, உடுங்க.

அக்கா. ஏனக்கா இப்புடி வந்து நிக்கற. குச்சியை எங்கிட்டக் குடு, என்ற தோளைப் புடிச்சுக்க. கழுத்தெலும்பு தெரியற மாதிரி எளைச்சுப் போயிட்டயே, உன்ற மக சோறு போடறாளா இல்லையா. நானா, நான் நல்லாத்தான் இருக்கறேன், இதுவா, இது ஜாக்கெட்டுத் தச்சவன் சரியில்லை. அழுகாதக்கா. வீதியில நின்னுட்டு என்ன இது. நானும் அழுகலை, எனக்கு வெயிலு. சுகந்தி அடுத்த மாசம் வர்றா, மறுக்கா முழுகாம இருக்கறா. மொத வளையலு நீதான் போடறே, எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன். வா, நெழலுக்கு வா.

ஆருங்க அது, பஸ்ஸுல இருந்து கூப்புடறது. அட, பக்கத்துல உக்காந்து வந்த அம்மிணிதானக்கா, நல்ல புள்ளை. போயிட்டு வாங்க சாமி. என்னுங்க? வண்டிச் சத்தத்துல கேக்கலை. கூடா?

என்ன கூடுங்க?